அப்பாவோட யாஷிகா, கையில மூணு ரோல், வடசென்னைய எப்படி எடுக்கலாம்?

பெரம்பூர்பையன்:
வணக்கம் மக்களே. அப்பாவோட யாஷிகா மேட் 124ஜி ஃபிலிம் கேமரா பரண்ல கெடந்துச்சு, சர்வீஸ் பண்ணி ஷட்டர் இப்ப நல்லா ஓடுது. அப்பா பின்னி துணி மில்லுல வேல பாத்தாரு, 1996ல மூடுற வரைக்கும். ஆனா அவர் வேல செஞ்ச எடத்துல எடுத்த ஒரு போட்டோ கூட எங்க வீட்ல இல்ல, கல்யாணம் காதுகுத்துன்னு மட்டும் தான் இருக்கு, மில் இருந்த எடத்துல இப்ப அபார்ட்மென்ட் நிக்குது. மிச்சம் இருக்கறதையாவது, ராயபுரம், பேசின் பிரிட்ஜ், எண்ணூர்னு கருப்பு வெள்ளையில எடுத்து வெச்சிடணும்னு ஆச. இல்ஃபோர்ட் ஹெச்பி5 ஃபிலிம், 120 சைஸ் ரோல் மூணு இருக்கு, ஒரு ரோலுக்கு 12ன்னா மொத்தமே 36 ஷாட் தான். வெளிச்சம் அளக்கற மீட்டர் ஊசி ஆடுது, நம்பலாமா? டெவலப் பண்ண டேங்கும் டி-76 டெவலப்பரும் வாங்கிட்டேன். எங்க ஆரம்பிக்கறது, எதுல ஏமாந்துடுவேன், சொல்லுங்க.

சில்வர்ஹாலைடு:
ஊசி ஆடுதுன்னு நம்பிடாதீங்க. அந்த மீட்டருக்கு அந்தக் காலத்து 1.35 வோல்ட் மெர்க்குரி பேட்டரி, இப்ப வர்றதில்ல, கடையில குடுக்கற 1.5 வோல்ட் போட்டா ரீடிங் தப்பும். காது மெஷினுக்கு போடுற 675 பேட்டரி 1.4 வோல்ட், அது கிட்டத்தட்ட சரியா வரும், சைஸ் சின்னது, சுத்தி ஒரு ரப்பர் வளையம் வெச்சு உக்கார வைங்க. நல்ல வெயில்னா மீட்டரே வேணாம், இந்த ஐஎஸ்ஓ 400 ஃபிலிமுக்கு லென்ஸ் தொறப்பு எஃப்16, ஷட்டர் 1/500 செகண்ட் வெச்சுட்டு அடிங்க, நிழல் சந்துல எஃப்5.6. புகைபோக்கிக்கு ஆரஞ்சு ஃபில்டர் போட்டா நீல வானம் கருத்து வெள்ளப்புகை தனியா எழும்பி நிக்கும், வெளிச்சம் ரெண்டு ஸ்டாப், அதாவது நாலு மடங்கு, கூட குடுக்கணும், மறக்காதீங்க. நைட்ல மீட்டர் 10 செகண்ட் காட்டினா 20 செகண்ட் ஷட்டர தொறந்து வைங்க. இன்னொன்னு, மேலருந்து குனிஞ்சு பாக்கற கண்ணாடியில இடம் வலம் மாறித் தெரியும், பேசின் பிரிட்ஜ்ல ட்ரெயின் வரும்போது கை தானா தப்பான பக்கம் திரும்பும், ரோல் போடாம ஒரு நாள் பழகுங்க.

டேங்க்கும்ரீலும்:
ஏமாறப்போற எடம் தண்ணி தான். டி-76ல தண்ணி ஒண்ணுக்கு ஒண்ணு கலந்தா ஹெச்பி5க்கு 11 நிமிஷம், ஆனா அது 20 டிகிரிக்கு. நம்ம ஊர் மே மாசத்துல குழாயத் தொறந்தா 30க்கு மேல வருது. நான் மொத ரோல்ல சூடே பாக்காம 11 நிமிஷம் வெச்சு எடுத்தேன், நெகட்டிவ் கன்னங்கரேல்னு வந்துச்சு, பாட்டியோட கடைசி போட்டோ அதுல தான் இருந்துச்சு, இன்னும் மனசு ஆறல. எங்க மாமா ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸோட 'இந்து'ங்கற பிராண்ட் ரோல் கழுவின காலத்து ஆளு, அவர் தான் சொல்லிக் குடுத்தாரு, பெரிய பேசின்ல தண்ணி ஊத்தி ஐஸ் போட்டு பாட்டில் எல்லாத்தையும் அதுக்குள்ள நிறுத்துன்னு. டெவலப்பர், படத்த நிலைக்க வெக்கற ஃபிக்ஸர், கழுவுற தண்ணி எல்லாம் ஒரே சூட்டுல இருக்கணும். 24க்கு மேல போக விடாதீங்க, 24ன்னா சுமார் 8 நிமிஷம் போதும்.

காசிமேட்டுக்காரன்:
தலைவா, எண்ணூருக்கு காலைலயே போயிடுங்க. பழைய அனல்மின் நிலையம் 2017லயே நிறுத்தியாச்சு, ஆனா முகத்துவாரக்குப்பம் பக்கம் நின்னா ஆத்துக்கு அந்தாண்ட வடசென்னை அனல்மின் நிலையப் புகைபோக்கி தெரியும், கடல் பக்கத்துலேர்ந்து வர்ற வெயில் அதுமேல விழும். துறைமுகம், ரிஃபைனரி கேட்டுல கேமராவ தூக்காதீங்க, புடிச்சு உக்கார வெச்சுடுவாங்க. ராயபுரம் ஸ்டேஷன் 1856ல தொறந்தது, தென்னிந்தியாவுலயே மொத ஸ்டேஷன், அந்தத் தூணுங்களுக்கு ஒரு ஃபிரேம் வைங்க.

ஒரே ஒரு வேண்டுகோள். கேமரா மாட்டிக்கினு வர்றவங்க எங்க ஊர்ல சாம்பலையும் சாக்கடையையும் மட்டும் எடுத்துக்கினு போறாங்க. இங்க வல பின்றவங்க இருக்காங்க, ஷிஃப்ட் முடிஞ்சு டீ குடிக்கறவங்க இருக்காங்க, கேட்டுட்டு எடுங்க, பிரிண்ட் போட்டு கொண்டாந்து குடுங்க. 1918ல மெட்ராஸ் லேபர் யூனியன் ஆரம்பிச்சதே உங்கப்பா மில்லு ஆளுங்கள வெச்சு தான். அப்பா நல்லா இருக்காரா? இருந்தா மொத ரோல் அவருக்கு தான்.

பெரம்பூர்பையன்:
இருக்காரு அண்ணா, 74 வயசு. இப்ப தான் படிச்சுக் காட்டினேன், ரொம்ப நேரம் பேசல, அப்புறம் சங்கு ஊதுனா எந்தத் தெரு வழியா ஓடுவோம்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாரு, நிறுத்தவே இல்ல. ஞாயித்துக்கிழம காலைல அந்தத் தெரு வழியாவே ரெண்டு பேரும் நடக்கறோம். 675 பேட்டரி வாங்கியாச்சு.