ஆர்.சி.யில் சைலன்சர் எங்கே இருக்கிறது?

ராயபுரம் ரைடர்: நேற்று வாட்ஸப் குரூப்பில் ஒரு அதிமேதாவி, "சைலன்சர் மாற்றினாலே ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்றிதழ்) ரத்து" என்று போட்டிருந்தார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 என்ன சொல்கிறது? ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர், கலர், சிசி எல்லாம் ஆர்.சி.யில் இருக்கிறது. சைலன்சர் எங்கே இருக்கிறது? யாராவது காட்டுங்கள்.

அம்பத்தூர் ஸ்பேனர்: 52-ஐயே பிடித்துத் தொங்காதீர்கள். சத்தத்துக்குத் தனியாக 190(2) இருக்கிறது. 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, லைசென்ஸும் மூன்று மாதத்துக்குப் போகும். அதற்கு ஆர்.சி.யை யாரும் திறக்கவே வேண்டாம்.

ராயபுரம் ரைடர்: நான் கேட்டது ஆர்.சி.யைப் பற்றி.

போரூர் 350: லாங் பாட்டில், அதாவது நீளமான பாட்டில் மாதிரி சைலன்சர், போட்டால்தான் புல்லட்டுக்கே அழகு. இதற்கெல்லாம் கேஸ் என்றால் ஜி.பி. ரோட்டில் பாதி ஸ்பேர் பார்ட்ஸ் கடையை மூட வேண்டியதுதான்.

அம்பத்தூர் ஸ்பேனர்: கடையில் விற்பதாலேயே ரோட்டில் ஓட்டலாம் என்று யார் சொன்னது? போன வாரம் ஒரு பையன் கொண்டுவந்தான், சைலன்சருக்குள் சத்தத்தைத் தடுக்கும் பேஃபிள் தகடே இல்லை, சத்தத்தை உறிஞ்சும் கிளாஸ் வுல் பஞ்சு கருகிப் பொடியாகக் கொட்டுகிறது. சைலன்சர் வாயில் சொருகிச் சத்தத்தைக் குறைக்கும் டிபி கில்லரைக் கழற்றிப் பாக்கெட்டில் வைத்திருக்கிறான், போலீஸைப் பார்த்தால் எடுத்துச் சொருகிவிடுவானாம்! ரைடர் சார், 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4)-ஐயும் படியுங்கள். விதிமுறை அனுமதிக்காத பாகத்தை மாட்டினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000. ஆறு மாதம் வரை உள்ளேயும் தள்ளலாம்.

ராயபுரம் ரைடர்: "அனுமதிக்காத" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எது அனுமதி, எது இல்லை என்று ஆர்.சி.யில் இருக்கிறதா? இல்லை. பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போங்கள், பிரிவு நம்பராக அடுக்கிப் பயமுறுத்த வேண்டாம். பதினைந்து வருஷமாக வண்டி ஓட்டுகிறவன் நான்.

வேளச்சேரி வழக்கு: 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, கேரளாவிலிருந்து போன வழக்கு. கம்பெனி கொடுத்த ஒரிஜினல் அமைப்பை மாற்றக் கூடாது. முடிந்தது கதை.

ராயபுரம் ரைடர்: அந்த வழக்கு வண்டியின் பாடியைப் பற்றியது. தலைப்பை மட்டும் படித்துவிட்டு வந்து தீர்ப்பு வழங்காதீர்கள் வக்கீல் சார். சைலன்சர் எங்கே?

போரூர் 350: அந்த கேடிஎம் பசங்களை முதலில் பிடிக்கச் சொல்லுங்கள். ராத்திரி ஒரு மணிக்கு ஈசிஆரில் காது கிழிகிறது. புல்லட்டுக்கு மட்டும் சட்டமா?

வேளச்சேரி வழக்கு: நான் கேடிஎம்தான் வைத்திருக்கிறேன். ஸ்டாக் சைலன்சர், கம்பெனி கொடுத்தது. உங்கள் வண்டி வந்தால் தெருநாய்கூட எழுந்து ஓடுகிறது.

அம்பத்தூர் ஸ்பேனர்: ரைடர் சார் போட்டிருக்கும் வண்டி போட்டோவில் சாரி கார்டையே காணோமே? மத்திய மோட்டார் வாகன விதி 123 பின் சக்கரத்தில் பாதியையாவது மூடச் சொல்கிறது. பின்னால் உட்காருகிறவர் புடவையோ துப்பட்டாவோ வீலில் சிக்கினால் என்ன ஆகும் என்று தெரியும்தானே? நம்பர் பிளேட்டும் அரை ஜாண் அகலம்தான் இருக்கிறது.

ராயபுரம் ரைடர்: பேச்சை மாற்றுகிறார் பாருங்கள். என் வண்டியில் பின்னால் யாரும் உட்காருவதில்லை. இவர் கடையில் செயின் ஸ்பிராக்கெட் மாற்றினேன், ஒரே மாதத்தில் லூஸ் ஆகிவிட்டது, அதற்கு எந்தப் பிரிவில் கேஸ் போடுவது?

அம்பத்தூர் ஸ்பேனர்: டூப்ளிகேட் செயினைப் புதுப்பேட்டையில் நீங்களே வாங்கிவந்து "இதையே மாட்டு" என்றீர்கள். அன்று கொடுக்காமல் போன லேபர் சார்ஜ் இன்னும் என் நோட்டில் நிற்கிறது.

போரூர் 350: ஸ்பேனர் அண்ணே, டிபி கில்லரோடு ஷார்ட் பாட்டில் உங்களிடம் கிடைக்குமா? இன்பாக்ஸ் வாங்க.

ராயபுரம் ரைடர்: பார்த்தீர்களா, கடைசியில் வியாபாரம். அந்தச் செயினுக்கு பில் இருக்கிறது, ராத்திரி டியூட்டி முடிந்து வந்து போட்டோ போடுகிறேன்.