தடுப்பு மருந்து குடித்தவர்களுக்கும் காலரா: கேள்வித்தாளுக்கு உதவி தேவை

நண்பர்களே, ஹைட்டியின் ஆர்ட்டிபோனைட் பள்ளத்தாக்கில் 2010-ல் காலரா வெடித்தது. 2012-ல் அங்குள்ள சில கிராமங்களில் ஷான்கோல் என்ற காலரா தடுப்பு மருந்தை இரண்டு தவணையாகக் கொடுத்தார்கள். அதுபோன்ற கிராமங்களில் மருந்து குடித்தும் யாருக்கு நோய் வருகிறது என்று அறிய ஒரு கேள்வித்தாள் தயாரிக்கிறோம். களப்பணி செய்தவர்கள் கைகொடுங்கள்.

பெரிய சிக்கல், ஒப்பிட்டுப் பார்க்க நோய் வராதவர்களை எடுப்பதில்தான். நோயாளியின் பக்கத்து வீட்டுக்காரரை எடுத்தால் அவரும் அதே ஆற்றுத் தண்ணீரைத்தான் குடிப்பார். தண்ணீரால் வரும் ஆபத்து கணக்கிலேயே தெரியாமல் போய்விடும். தூரத்து வீட்டை எடுத்தால் வயல்வேலை, கழிப்பறை, வருமானம் எல்லாமே மாறிவிடுகிறது. நீங்கள் எத்தனை வீடு தள்ளி எடுத்தீர்கள்?

"குளோரின் போடுகிறீர்களா?" என்று கேட்டால் எல்லாரும் "ஆமாம்" என்றுதான் சொல்வார்கள். அதனால் குடத்துத் தண்ணீரையே மொண்டு டிபிடி மாத்திரை (குளோரின் இருந்தால் தண்ணீரை இளஞ்சிவப்பாக்கும் சோதனை மாத்திரை) போட்டுப் பார்க்கப் போகிறோம். குளோரின் கலந்து 30 நிமிடம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும். கலங்கல் தண்ணீர் குளோரினை உறிஞ்சிவிடும் என்பதால் கலங்கலையும் குறிக்கிறோம். குடத்தின் வாய் அகலமா, கையை விட்டு மொள்கிறார்களா என்பதைக் கேட்காமல் கண்ணால் பார்த்தே எழுதுவது.

தவணை அட்டை தொலைந்திருந்தால் வாய்மொழியை நம்பலாமா? ஒரு தவணை மட்டும் குடித்தவர்களையும் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளையும் தனியாகத்தான் பிரிக்கிறோம், இவர்களுக்குப் பாதுகாப்பு குறைவு. அங்கு பேசும் ஹைட்டியன் கிரியோல் மொழியில் சோதித்த கேள்விகள் யாரிடமாவது இருந்தால் பகிருங்கள்.