பழைய கொடியின் ஒயின்: ருசி கொடியிலா, தொட்டியிலா?

கருங்கல்:
போன வாரம் பிரான்சில் நாந்த் நகருக்குத் தென்கிழக்கே, கிளிசோன் பக்கம், ஒரு சின்ன விவசாயியின் கொட்டகையில் முஸ்கடே என்ற அந்தப் பகுதி வெள்ளை ஒயினில் மூன்று ருசி பார்த்தேன். மூன்றும் மெலோன் என்ற ஒரே வெள்ளைத் திராட்சை, ஒரே 2020 அறுவடை. முதலாவது 25 வயதுக் கொடி: எலுமிச்சை, பச்சை ஆப்பிள், நாக்கு கூசும் புளிப்பு. குடித்த உடனே மறைந்துவிட்டது. இரண்டாவது 50 வயது, இன்னும் சதைப்பிடிப்பு. மூன்றாவது அவர் தாத்தா நட்ட 80 வயதுக் கொடி. முதலில் வாசனையே வரவில்லை. கால் மணி நேரம் போனதும் முற்றிய பேரிக்காய், தேன்மெழுகு, மழையில் நனைந்த கல். விழுங்கிய பிறகும் உப்புச்சுவை நாக்கிலேயே நின்றது. வயதான கொடிக்கு ஈடில்லை என்று அன்றைக்கு முடிவு செய்துவிட்டேன்.

அளவுகோல்:
அவசரப்படுகிறீர்கள். "வியேய் வீஞ்", அதாவது பழைய கொடி, என்று லேபிளில் போட பிரெஞ்சு சட்டத்தில் வயது வரம்பே கிடையாது. 35 வயதுக் கொடிக்கும் போடலாம். அதை விடுங்கள். மூன்றும் கசடோடு எத்தனை மாதம் கிடந்தன என்று கேட்டீர்களா? நொதித்து முடிந்ததும் ஈஸ்ட் செத்து அடியில் படியும். முஸ்கடேயை அதன் மேலேயே விட்டுவைப்பார்கள். செத்த ஈஸ்ட் மெல்லச் சிதைந்து ஒயினுக்குத் திரட்சியும் ரொட்டி வாசனையும் கொடுக்கும். இப்படிக் கசடின் மேல் விட்டுவைத்த சாதாரண "சுர் லீ" ஒயினை அடுத்த மார்ச்சிலிருந்தே பாட்டிலில் அடைக்கலாம். கிளிசோன் பெயரில் விற்பதற்குக் குறைந்தது 24 மாதம் கிடக்க வேண்டும். நீங்கள் ருசித்தது தொட்டியில் கிடந்த காலத்தை.

கருங்கல்:
கேட்டேன். 7 மாதம், 18 மாதம், 30 மாதம். உங்கள் கேள்வி நியாயம்தான். ஆனால் அந்த விவசாயி இளம் கொடி ஒயினையும் ஒரு தடவை கசடோடு இரண்டு வருஷம் வைத்துப் பார்த்தாராம், களையிழந்து போய்விட்டதாம். அவ்வளவு காலம் தாங்குகிற வலு எங்கிருந்து வருகிறது என்பதுதான் என் கேள்வி.

கத்தரிக்கோல்:
அந்தப் பக்கத்தில் இரண்டு குளிர்காலம் கொடி கத்தரித்திருக்கிறேன். "80 வயதுத் தோட்டம்" என்றால் எல்லாக் கொடிக்கும் 80 இல்லை. எஸ்கா என்ற பூஞ்சை நோயில் தண்டு செத்துக்கொண்டே இருக்கும், அந்த இடத்தில் புதுக் கொடி வைப்பார்கள். கிழக்கொடி காய்ப்பது குறைவு, அதனால் சாறு கெட்டி என்பது பாதி உண்மைதான். இளம் கொடியையும் ஒட்டக் கத்தரித்தால் காய்ப்பு குறையும்.

ஆனால் 2022 வறட்சியில் நான் பார்த்ததை மறக்க முடியாது. ஆகஸ்டில் இளம் வரிசைகளில் இலை மஞ்சளாகிச் சுருண்டது, பக்கத்திலேயே கிழ வரிசை பச்சையாக நின்றது. மேல் மண் கொஞ்சம்தான், வேர் பாறை வெடிப்புக்குள் போயிருக்கிறது. அப்புறம், அந்தக் காலத்தில் நர்சரியில் ஒரே தாயின் நகல்களை வாங்கி நடவில்லை. தோட்டத்தில் நல்லதாகப் பட்ட பல கொடிகளிலிருந்து குச்சி எடுத்து ஒட்டுக்கட்டினார்கள். ஒன்று முந்திப் பழுக்கும், ஒன்று பிந்தும், ஒன்றில் பழம் சிறுத்திருக்கும். எல்லாம் சேர்ந்து ஒரே தொட்டிக்குப் போகும்.

அளவுகோல்:
இதை ஏற்கிறேன். அப்படியானால் சிறப்பு குச்சியின் கலப்பில்தான், வயதில் இல்லை. அதே குச்சிகளை இன்று நட்டால் 20 வருஷத்தில் இதே ருசி வர வேண்டும். கவனமாக உழைத்தும் கொடி இளசு என்பதற்காகவே பாதி விலைக்கு விற்கிறவர்களை நினைத்தால் எனக்கு மனசு பொறுக்கவில்லை.

கருங்கல்:
குச்சி எடுக்கத் தாய்க்கொடி மிஞ்ச வேண்டுமே! 2021 ஏப்ரல் உறைபனியில் துளிரெல்லாம் கருகின பிறகு, கொஞ்சமாகக் காய்க்கிற தோட்டத்தைப் பிடுங்கிவிடலாம் என்று அந்த விவசாயி வீட்டிலேயே பேச்சு வந்திருக்கிறது. பழைய கொடி ஒயினுக்குக் கிடைக்கிற கூடுதல் விலைதான் அதைக் காப்பாற்றியது. நவம்பரில் மறுபடி போகிறேன். 50, 80 இரண்டையும் ஒரே அறுவடை, ஒரே மாதக் கணக்கில், நிலத்தடித் தொட்டியிலிருந்தே எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அளவுகோல்:
நல்லது. ஊற்றும்போது நீங்கள் திரும்பி நில்லுங்கள். எது எந்தக் கோப்பை என்று கடைசி வரை உங்களுக்குத் தெரிய வேண்டாம்.