ஸ்ட்ரீக் கேமரா: 2 பிகோசெகண்ட் வர வேண்டிய இடத்தில் 6 வருகிறது, எதைச் சோதிப்பது?

ஒளிக்கீற்று:
ஆய்வகத்துக்குப் புதிதாக ஒரு ஸ்ட்ரீக் கேமரா (ஒளித் துடிப்பை எலக்ட்ரான்களாக மாற்றி, நேரத்துக்கேற்பத் திரையில் விரித்துக் காட்டும் கருவி) வந்திருக்கிறது. காலப் பிரிதிறன், அதாவது பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய நேரம், 2 பிகோசெகண்ட் என்று விவரத்தாள் சொல்கிறது. 800 நானோமீட்டர், 100 ஃபெம்டோசெகண்ட் (0.1 பிகோசெகண்ட்) லேசர் துடிப்பை 50 மைக்ரான் ஸ்லிட்டில் (நுழைவுப் பிளவு) விட்டு, மிக வேகமான ஸ்வீப்பில் (எலக்ட்ரான்களைத் திரையின் குறுக்கே இழுக்கும் வீச்சு) பல ஷாட்டுகளைச் சேர்த்துப் பார்த்தால், பாதி உயர அகலம் 6 பிகோசெகண்டுக்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது. துடிப்பை ஆட்டோகோரிலேட்டரில் (துடிப்பின் நீளத்தை அளக்கும் கருவி) பார்த்தாயிற்று, அதில் குறையில்லை. திருப்பி அனுப்பும் முன் என்னென்ன பார்க்கலாம்?

நேரக்கோடு:
முதலில் ஒளியைக் குறையுங்கள். எவ்வளவு ஒளியில் அளந்தது என்று சொல்லாத பிரிதிறன் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. போட்டோகேத்தோடிலிருந்து (ஒளி பட்டால் எலக்ட்ரான் உமிழும் பரப்பு) எலக்ட்ரான்கள் கூட்டமாகக் கிளம்பினால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வழியிலேயே விரிந்துவிடும். என்டி ஃபில்டரை (ஒளியைக் குறைக்கும் வடிகட்டி) படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போங்கள், அகலம் குறைவது ஒரு கட்டத்தில் நிற்கும், அதுதான் உண்மையான எண். படம் மங்கினால் எம்சிபி (எலக்ட்ரான்களைப் பெருக்கும் தகடு) கெயினை ஏற்றிக்கொள்ளலாம். அது ஸ்வீப்புக்குப் பின்னால் இருப்பதால், செறிவடையும் அளவுக்கு ஏற்றாதவரை காலத்தை விரிக்காது. அப்படியே மறுதிசையில் ஒளியைக் கூட்டி, அகலம் 20 சதவீதம் வீங்கும் இடத்தைக் குறித்துக்கொண்டால் டைனமிக் ரேஞ்சுக்கான (அளவு கெடாமல் தாங்கும் ஒளியின் வீச்சு) மேல் எல்லையும் கிடைத்துவிடும்.

அலைமுகடு:
ஸ்வீப்பை நிறுத்தி ஸ்லிட்டின் படத்தையும் எடுங்கள். அது 6 பிக்சல் அகலம், ஒரு பிக்சல் 0.3 பிகோசெகண்ட் என்று வைத்துக்கொண்டால், ஸ்லிட் மட்டுமே 1.8 தின்கிறது. வர்க்கமாகக் கழித்தாலும் (6-இன் வர்க்கத்திலிருந்து 1.8-இன் வர்க்கம் போக, வர்க்கமூலம்) மீதி 5.7 நிற்கும், ஆக ஸ்லிட்டைக் குறுக்கி மட்டும் தப்பிக்க முடியாது.

அப்புறம், அந்த 0.3-ஐயும் நம்பிவிடாதீர்கள். கற்றையை இரண்டாகப் பிரித்து ஒரு கண்ணாடியை 3 மி.மீ. நகர்த்தினால் போய்வரும் தூரம் 6 மி.மீ., அதாவது 20 பிகோசெகண்ட் தாமதம். டிரிக்கர் (ஸ்வீப்பைத் தொடங்கவைக்கும் சைகை) தாமதத்தை மாற்றி அந்த இரட்டைத் துடிப்பைத் திரையின் மேலிருந்து கீழ்வரை நகர்த்திப் பாருங்கள். நடுவிலும் ஓரத்திலும் இடைவெளி ஒரே மாதிரி இருக்காது, ஸ்வீப் எங்கே வளைகிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

ஒளிக்கீற்று:
ஃபில்டர் போட்டு ஒற்றை ஷாட்டில் எடுத்தேன், 2.4! அதே ஒளியில் பல ஷாட்டுகளைச் சேர்த்தால் மட்டும் 5.5.

நேரக்கோடு:
அப்படியானால் கேமரா நன்றாகவே இருக்கிறது, டிரிக்கர்தான் ஆடுகிறது. வர்க்கக் கழித்தலில் ஜிட்டர் (ஷாட்டுக்கு ஷாட் டிரிக்கர் நேரம் ஆடும் அளவு) ஏறக்குறைய 5 பிகோசெகண்ட். டிரிக்கர் போட்டோடையோடில் விழும் ஒளி ஷாட்டுக்கு ஷாட் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள், வாசல் மின்னழுத்தத்தைத் தாண்டும் நேரம் அதோடு சேர்ந்து நகரும். ஸ்லிட்டின் ஒரு ஓரத்தில் குறிப்புத் துடிப்பு ஒன்றை எப்போதும் விட்டு வையுங்கள்; ஒவ்வொரு ஷாட்டையும் அதன் மையத்துக்கு நேராக நகர்த்திய பிறகு கூட்டினால் ஜிட்டரின் பெரும்பகுதி கழிந்துவிடும்.

அலைமுகடு:
கடைசியாக ஒன்று, நீங்கள் பயன்படுத்தப் போகும் அலைநீளத்திலேயே இந்தச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். புற ஊதா ஒளியில் எலக்ட்ரான்கள் கிளம்பும் ஆற்றல் அதிகம் சிதறும், 800-இல் வந்த 2.4 அங்கே வராது.