ராஜபாளையம் குட்டி, 35 நாள்தான் ஆகிறது: இப்போதே எடுத்து வரலாமா?

வைகைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். மொட்டை மாடி எங்கள் புழக்கத்தில்தான். நான், மனைவி, ஆறு வயது மகள். மனைவிக்கு வீட்டிலேயே தையல் வேலை என்பதால் பகலில் வீடு பூட்டிக் கிடக்காது. வீட்டுக்காரரும் நாய்க்குச் சம்மதம் சொல்லிவிட்டார்.

ராஜபாளையத்தில் ஒருவரிடம் வெள்ளைக் குட்டிகள் இருக்கின்றன. பிறந்து 35 நாள். "சின்னதா இருக்கும்போதே தூக்கிட்டுப் போனாத்தான் உங்களோட ஒட்டும், ஊசியெல்லாம் அப்புறம் போட்டுக்கலாம்" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி, அதற்கு முன்னாலேயே முன்பணம் கேட்கிறார். போட்டோவில் நீலக் கண்ணோடு ஒரு குட்டி இருக்கிறது. மகள் அதுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். நாங்கள் யாரும் நாய் வளர்த்ததில்லை. அங்கே போய் எதைப் பார்க்க வேண்டும்?

சாத்தூரான்:

தம்பி, முன்பணத்தை இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்தே ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் மாறி மாறி வளர்ந்திருக்கின்றன. அந்த உரிமையில் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

35 நாள் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று மத்திய அரசின் 2017 விதிகளே சொல்கின்றன. சட்டம் கிடக்கட்டும், அதற்கான காரணத்தைப் பாருங்கள். கூடப்பிறந்த குட்டிகளோடு உருண்டு விளையாடும்போது ஒன்று மற்றொன்றை அழுத்திக் கடிக்கும். கடிபட்டது வீலென்று கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். கடித்தது திருதிருவென்று முழிக்கும். எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்பதை நாய் கற்றுக்கொள்வது அங்கேதான். அந்த மூன்று வாரத்தை வெட்டிவிட்டுத் தூக்கி வந்தால், அந்தப் பாடத்தை உங்கள் மகள் கையில்தான் அது படிக்கும். "சின்னதிலேயே ஒட்டும்" என்பது வியாபாரப் பேச்சு. நான்கு மாதக் குட்டியும் ஒட்டும், வளர்ந்த நாயும் ஒட்டும்.

அடுத்து, அந்த நீலக் கண். இந்த வயதில் நிறையக் குட்டிகளுக்குக் கண் நீலம் பாய்ந்துதான் இருக்கும், நிறம் நிலைக்க இன்னும் சில வாரம் ஆகும். அப்போதும் நீலமாகவே நின்றால் சும்மா விடக் கூடாது. தூய வெள்ளை நாய்களில் காது கேளாமை வரும், ராஜபாளையத்தில் இது பழைய பிரச்சினை. நீலக் கண் குட்டிகளில் இன்னும் கூடுதலாகவே சந்தேகப்பட வேண்டும்.

சோதிப்பது எப்படி என்றால், குட்டி கூட்டத்தோடு இருக்கும்போது கை தட்டிப் பார்ப்பதில் பயன் இல்லை. மற்ற குட்டிகள் திரும்பினால் செவிட்டுக் குட்டியும் சேர்ந்து திரும்பும். அதைத் தனியாக ஓர் அறையில் விட்டுத் தூங்க விடுங்கள். பின்பக்கமாகப் போய், காற்றும் படாமல் தரையும் அதிராமல், சாவிக் கொத்தை ஆட்டுங்கள். காது மடல் அசைகிறதா, தலை தூக்குகிறதா என்று பாருங்கள். வேறு வேறு இடத்தில் நின்று இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இதில் தப்பிவிடும், அதற்கு மூளை அலையை அளக்கும் கருவிதான் வேண்டும். காது கேளாத நாயையும் கை சைகையில் பழக்கி அருமையாக வளர்ப்பவர்கள் உண்டு. ஆனால் தூக்கத்தில் தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கும், சின்னப் பிள்ளை இருக்கும் முதல் அனுபவக்காரருக்கு அது வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேல், தாயைக் காட்டச் சொல்லுங்கள். ராஜபாளையம் ஆள் பார்த்துக் குரைக்கத்தான் செய்யும், அதில் தப்பில்லை. வளர்ப்பவர் ஓர் அதட்டுப் போட்டதும் அடங்குகிறதா, இல்லை மூலைக்குப் பதுங்கி அங்கிருந்தே பல்லைக் காட்டுகிறதா என்று கவனியுங்கள். தாயின் குணம்தான் குட்டிக்கு வரும். "தாய் தோட்டத்துல கிடக்கு, இப்பப் பாக்க முடியாது" என்றால் ஒரு காபி குடித்துவிட்டு பஸ் ஏறிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. காலை மாலை இரண்டு வேளையும் இதை ஓட விடப்போவது யார்? இது வேட்டைக்கென்று வளர்த்த சாதி. மொட்டை மாடியில் நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப் போட்டால் ஒரு வருடத்தில் யாரைக் கண்டாலும் பாயும். சித்திரை வெயிலில் அந்தத் தளம் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:

சாத்தூரார் சொன்னது சரி. ஊசி விஷயத்தை மட்டும் சேர்க்கிறேன்.

ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் கூட்டுத் தடுப்பூசி. அப்புறம் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும் வரை. மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் தேதியில் வருடா வருடம். பூச்சி மருந்து மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. விலா எலும்பு தெரிந்து வயிறு மட்டும் பானையாக இருந்தால் அது கொழுகொழு குட்டி அல்ல, வயிறு நிறையப் புழு. கண்ணில் பீளை, மூக்கொழுகல், பின்பக்கம் கழிச்சல் ஒட்டியிருப்பது, இதெல்லாம் இருந்தால் எடுக்க வேண்டாம்.

பார்வோ என்று ஒன்று இருக்கிறது. ரத்தக் கழிச்சலும் வாந்தியுமாக வந்து ஊசி போடாத குட்டிகளை இரண்டு மூன்று நாளில் கொண்டு போய்விடும். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் சாகாது. ஆகவே ஊசிகள் முடியும் வரை குட்டியைத் தெருவில் இறக்கி விடாதீர்கள். அதற்காக வீட்டுக்குள்ளேயே பூட்டியும் வைக்காதீர்கள். இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோ, பள்ளிக்கூடப் பிள்ளைகள், மேளச் சத்தம் எல்லாவற்றையும் காட்டுங்கள். மூன்றரை மாதத்துக்குள் பார்த்துப் பழகியவற்றுக்குத்தான் நாய் பிறகு பயப்படாமல் இருக்கும்.

குட்டி நகம் கீறினாலும் பல் பட்டாலும் "சின்னக் குட்டிதானே" என்று விடக் கூடாது, குட்டிக்கும் வெறிநோய் வரும். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்பக் கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். தோலில் போடும் முறையில் முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாள். ரத்தம் வந்த காயமென்றால் கடிவாயிலேயே இன்னொரு மருந்தும் போடுவார்கள். வெறிநோய் அறிகுறி தெரிந்துவிட்டால் அப்புறம் வைத்தியமே கிடையாது.

கோம்பைக்காரன்:

முதல் மாடிக்கு எதுக்குங்க ராஜபாளையம்? உங்கள் தெருவிலேயே குட்டி போட்ட நாய் இருக்கும். எட்டு வாரம் ஆனதும் ஒரு பெண் குட்டியை எடுத்து, ஊசி போட்டு, வயது வந்ததும் கருத்தடை செய்துவிடுங்கள். மதுரை வெயிலும் அதற்குப் பழக்கம், காசும் மிச்சம்.

சாத்தூரான்:

கோம்பை என்கிற நாட்டு நாய்ச் சாதியின் பேரை வைத்துக்கொண்டு தெரு நாய்க்கு வக்காலத்தா! ஆனாலும் சொன்னது நியாயம். இந்த வீட்டுக்கு நானும் அதைத்தான் சொல்வேன். தெருக் குட்டியை எடுத்தாலும் தாயைப் பார்ப்பது, எட்டு வாரம் காப்பது, ஊசி, எதுவும் மாறாது.

வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி அண்ணாச்சி. அவரிடம் பேசினேன். எட்டு வாரம் வரை வைத்திருக்க முடியாது, வேறு ஆள் கேட்கிறார் என்றார். அப்படியானால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எதிர்த்த வீட்டு மாட்டுக் கொட்டகையில் செவலை நாய் ஒன்று நான்கு குட்டி போட்டிருக்கிறது. மகளைக் கூட்டிப் போய்க் காட்டினேன், ராஜபாளையத்தை மறந்தே விட்டாள். பிள்ளையையும் நாயையும் எப்படிப் பழக்குவது, அதை மட்டும் சொல்லுங்கள்.

சாத்தூரான்:

நல்ல முடிவு தம்பி. முதலில் பழக்க வேண்டியது மகளைத்தான். நாய் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் கிட்டப் போகக் கூடாது. கழுத்தைக் கட்டிப் பிடிக்கக் கூடாது, நமக்கு அது பாசம், நாய்க்கு அது மூச்சு முட்டுகிற பிடி. எவ்வளவு சாது நாயானாலும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இரண்டையும் தனியே விடாதீர்கள்.

வாலாட்டினால் சிநேகம் என்று நம்ப வேண்டாம். உடம்பு விறைத்து, வால் மேலே நின்று வெடவெடவென்று ஆடினால் அது எச்சரிக்கை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணில் வெள்ளை தெரியப் பார்ப்பது, காரணமில்லாமல் உதட்டை நக்குவது, தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி, இதெல்லாம் "என்னை விடு" என்பதுதான். உறுமினால் அடிக்காதீர்கள். உறுமக் கூடாது என்று கற்றுக்கொண்ட நாய் அடுத்த தடவை நேராகக் கடிக்கும்.

தீனியில், வெங்காயம் போட்ட குழம்பு, சாக்லேட், திராட்சை, பாயசத்து உலர் திராட்சை எதுவும் ஆகாது. வெந்த எலும்பு குடலைக் கிழிக்கும், கறி எடுத்த அன்று கவனம். காது மடலுக்குள்ளும் விரல் இடுக்கிலும் வாரம் ஒருமுறை உண்ணி பாருங்கள், கொட்டகைக் குட்டி என்பதால் கட்டாயம் இருக்கும். தெருவுக்குப் போனால் பெல்ட் பெரியவர் கையில்தான்.

அப்புறம் அந்த மொட்டை மாடி. கைப்பிடிச் சுவரில் பூனை நடந்தால் குட்டி யோசிக்காமல் தாவும். படியோரம் இப்போதே ஒரு சின்ன கேட் போடுங்கள். சுவர் எவ்வளவு உயரம், ஓரத்தில் தொட்டியோ திண்டோ ஏற வாகாக இருக்கிறதா என்று பார்த்து இங்கே எழுதுங்கள், அதற்கேற்ப வலை போடுவதா வேண்டாமா என்று சொல்கிறேன்.