நாய் கடித்ததும் முதலில் என்ன செய்தீர்கள்? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

வத்தலக்குண்டுக்காரன்:

மூன்று வருடமாக ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து, சனிக்கிழமைகளில் பள்ளிக்கூடங்களுக்கும் நூறு நாள் வேலை நடக்கிற இடங்களுக்கும் போய் வெறிநாய்க்கடி (ரேபிஸ்) பற்றிப் பேசி வருகிறேன். பேசியதைவிடக் கேட்டுக்கொண்டு வந்ததுதான் அதிகம்.

"நாய் கடித்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுத்தான் ஆரம்பிப்போம். "ஊசி போடணும்!" என்று எல்லாப் பிள்ளைகளும் கத்தும். "ஊசி போட ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முன்னால்?" என்று கேட்டால் சத்தம் அடங்கிவிடும். அப்புறம் ஒவ்வொன்றாக வரும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள், எருக்கம்பால், காசு வைத்துக் கட்டுவது, மந்திரிப்பது. இத்தனை வருடத்தில் கேட்காமலே சோப்பு என்று சொன்னது ஒரே ஒரு ஐந்தாம் வகுப்புப் பெண் பிள்ளைதான். எப்படித் தெரியும் என்றேன். "எங்கம்மா எதுக்கெடுத்தாலும் சோப்புப் போட்டுக் கழுவுன்னுதான் சொல்லும்" என்றாள்.

நாங்கள் ஒரு வேலை செய்வோம். ஒரு பையனின் கையில் நல்லெண்ணெயில் குழைத்த மஞ்சள்தூளைத் தடவிவிட்டு, வெறும் தண்ணீரில் கழுவச் சொல்வோம். வழுவழுவென்று அப்படியே நிற்கும். அப்புறம் சோப்பைக் கொடுப்போம். ரேபிஸ் கிருமிக்கு மேலே கொழுப்பால் ஆன ஒரு உறை இருக்கிறது, சோப்பு அதைத்தான் கரைக்கிறது என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. ஆனால் 15 நிமிடம் கழுவ வேண்டும் என்பதைப் புரியவைப்பதுதான் கஷ்டம். ஒருமுறை நிஜமாகவே 15 நிமிடம் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவச் சொன்னோம். மூன்றாவது நிமிடத்திலேயே "போதுமா சார்?" என்றான். ஏழாவது நிமிடத்தில் பிள்ளைகள் கடிகாரத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கப் போய்விட்டார்கள். பதினொன்றாவது நிமிடத்தில் தலைமையாசிரியர் வந்து, "தொட்டித் தண்ணி காலியாகிடும், மதியச் சாப்பாட்டுக்குத் தட்டுக் கழுவணும்" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

உங்கள் வீட்டில், தெருவில் என்ன நடந்தது? நல்லதோ கெட்டதோ எழுதுங்கள். அடுத்த வகுப்பில் பேச எனக்கும் உதவும்.

நெல்லைத் தம்பி:

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். 1994. வள்ளியூர் பக்கம் எங்கள் ஊர். மாமா சைக்கிள் கடை வைத்திருந்தார். கடை வாசலில் திரிந்த ஒரு குட்டி நாய்க்குத் தினமும் பன் வாங்கிப் போடுவார். அது ஒரு நாள் விளையாட்டாக அவர் சுண்டு விரலைக் கவ்வியது. பெரிய காயமெல்லாம் இல்லை, முள் குத்தினது மாதிரி ஒரு துளி ரத்தம். ஆச்சி சுண்ணாம்பு வைத்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னவர்களிடம் மாமா சொன்னது இதுதான்: "தொப்புளைச் சுத்தி 14 ஊசியாம். இத்தனை நாள் கடையை யார் பாக்கறது? குட்டி நாய்தான, பல்லே முளைக்கல."

இரண்டு மாதம் கழித்து அந்தச் சுண்டு விரல் மட்டும் ஊறுகிறது, எறும்பு ஓடுகிற மாதிரி இருக்கிறது என்றார். மறுநாள் காய்ச்சல். அதற்கு அடுத்த நாள் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். சித்திரை மாத வெயிலில். காற்று முகத்தில் பட்டாலே தொண்டையைப் பிடித்துக்கொண்டு உடம்பு தூக்கிப் போட்டது. அத்தை சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். குடிக்க ஆசைதான் அவருக்கு, கையை நீட்டினார். சொம்பு உதட்டருகே வந்ததும் முகம் மாறிய விதத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை.

நாய்க்கடி பட்டவன் நாய் மாதிரி குரைப்பான் என்று ஊரில் பேச்சு. ராத்திரி ஜன்னலுக்கு வெளியே நாலைந்து பேர் நின்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா குரைக்கவில்லை. கடைசி வரை நினைவு இருந்தது. யாருக்கு எந்த சைக்கிளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சிஸ்டர் (ஓய்வு):

தம்பி, படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுத ஓடவில்லை.

அந்த 14 ஊசிக் கதையைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். 33 வருடம் செவிலியராக இருந்திருக்கிறேன், அந்தப் பயம் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியது என்று பார்த்தவள். பழைய மருந்து ஆட்டு மூளையிலிருந்து தயாரித்தது. குன்னூரில் 1907-ல் தொடங்கிய பாஸ்டர் நிலையத்திலும் அதைத்தான் வெகுகாலம் தயாரித்தார்கள். வயிற்றில்தான் போட வேண்டும், வலிக்கும், வீங்கும். அந்த மருந்து நம் நாட்டில் நின்றுபோய் 20 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது அரசு ஆஸ்பத்திரியில் கையில் தோலுக்குள்ளேயே சின்ன ஊசி. கடித்து வந்த அன்று ஒன்று, அப்புறம் 3, 7, 28-ஆம் நாட்கள். காசு இல்லை. ஆனாலும் போன வருடம்கூட ஒரு பெரியவர் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டியபடி உள்ளே வந்தார் என்று இப்போது வேலையில் இருக்கிற பிள்ளை சொன்னாள்.

முதல் மூன்று ஊசிக்கு ஒழுங்காக வருவார்கள். 28-ஆம் நாள்தான் தகராறு. அட்டையில் தேதியை வட்டம் போட்டுக் கொடுத்தாலும் வர மாட்டார்கள். காரணம் கேட்டால், கோயில் கொடை, கிடாய் விற்கச் சந்தைக்குப் போனேன், புண்தான் ஆறிப்போச்சே. ஒருவர் சொன்னார்: "நாய் நல்லாத்தான் இருக்கு சிஸ்டர், நேத்துகூட வாலை ஆட்டுச்சு." நாய் சாகிறதா என்று பார்த்துக்கொண்டு வீட்டில் உட்காரக் கூடாது. முதல் ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டும். நாயைப் பத்து நாள் கவனிப்பது அதோடு சேர்ந்து நடக்கலாம். மீதி ஊசியை என்ன செய்வது என்று டாக்டர் சொல்லட்டும், நாய் வேண்டாம்.

ரத்தம் வந்த காயம் என்றால் தடுப்பூசி மட்டும் போதாது, காயத்தைச் சுற்றியே போடுகிற சீரம் ஒன்று இருக்கிறது. சின்ன நிலையங்களில் இருக்காது, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். "அலைக்கழிக்கிறாங்க" என்று வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள்.

கருவாடு சாப்பிடலாமா என்று கேட்பீர்கள், எனக்குத் தெரியும். சாப்பிடலாம்.

பால்காரர் மகள்:

எங்களுக்கு நாய் கடிக்கவில்லை, மாட்டைக் கடித்தது. அதுவும் யாரும் பார்க்கவில்லை. ஒரு நாள் காலையில் மாடு தீனி எடுக்கவில்லை. வாயிலிருந்து எச்சில் கயிறு மாதிரி ஒழுகியது, ஒரு மாதிரி கம்மிய குரலில் கத்திக்கொண்டே இருந்தது. தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கும் என்று அப்பா முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். கையில் அருவாள் கீறல் வேறு இருந்தது. கால்நடை மருத்துவர் வந்து பார்த்துவிட்டு முதலில் கேட்டதே, "வாயில் யார் கை விட்டது?" என்றுதான்.

மாடு செத்த அன்று தெரு முழுக்கப் பரவிவிட்டது. எங்களிடம் பால் வாங்கினவர்கள் எல்லாம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஊசிக்குக் கிளம்பினார்கள். சண்டை வேறு. அப்போதுதான் ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். பிள்ளையார் கோயில் திண்ணையில் உட்கார்ந்து, மாட்டின் எச்சிலைத் தொட்டவர்கள் யார், காய்ச்சிய பால் குடித்தவர்கள் யார் என்று வீடு வீடாகக் கேட்டு இரண்டாகப் பிரித்தார்கள். எச்சில் பட்டவர்கள் அப்பா, அம்மா, நான், சாணி அள்ள வந்த அக்கா. நான்கு பேரும் ஊசி போட்டுக்கொண்டோம், அப்பாவுக்குச் சீரமும். காய்ச்சிய பாலால் ஒன்றும் வராது என்று மற்றவர்களுக்கு அந்தப் பெண்கள் சொன்னது ஒரு முறை இல்லை, சாயங்காலம் வரை. அவர்களில் ஒரு பெண் கடைசியில் எங்கள் வீட்டிலேயே இன்னொரு மாட்டின் பாலில் காப்பி போட்டுக் கேட்டு, எல்லோர் முன்னாலும் குடித்தாள்.

அப்படியும் ஆறு மாதம் எங்களிடம் யாரும் பால் வாங்கவில்லை. அது வேறு கதை.

பெயர் வேண்டாம்:

வத்தலக்குண்டு அண்ணா, நீங்கள் சொன்ன அந்த எண்ணெய், மஞ்சள்தூள் வித்தையை என் மகன் பள்ளியிலும் யாரோ செய்துகாட்டியிருக்கிறார்கள். உங்கள் ஆட்களா என்று தெரியவில்லை.

அன்று இரவு ஒன்பது மணிக்குக் குளியலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. மாதக் கடைசி, மோட்டார் வேறு மக்கர். கோபத்தில் கதவைத் தட்டினேன். "இன்னும் ஆறு நிமிசம்ப்பா" என்றான். கதவைத் திறந்தால், என் கைக்கடிகாரத்தைச் சோப்பு டப்பாவுக்கு மேலே வைத்துக்கொண்டு, கெண்டைக்காலைக் குழாய்க்கு அடியில் நீட்டி உட்கார்ந்திருக்கிறான். மூன்று நாளுக்கு முன்னால் கடித்த காயம். காய்ந்து பொருக்கு தட்டியிருந்தது. முழுக்கால் பேன்ட் போட்டே மறைத்திருக்கிறான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. தெரு நாயிடம் போகாதே என்று போன மாதம்தான் அடித்திருந்தேன். பைக்கில் போகும்போது முதுகில் சாய்ந்துகொண்டு, "ஊசி போட்டா ஸ்கூலுக்கு லீவா?" என்றான். லீவு கிடையாது என்றேன். அதற்கும் அழுதான்.

சிஸ்டர் (ஓய்வு):

உங்கள் பிள்ளையைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது. மூன்று நாள் தாமதமானாலும் கழுவியது சரி, ஊசி போட்டதும் சரி. நாள் கடந்துவிட்டதே என்று சும்மா விட்டுவிடுவதுதான் தப்பு. உலக அளவில் ரேபிஸால் சாகிறவர்களில் பத்தில் நான்கு பேர் 15 வயதுக்குட்பட்டவர்கள் என்று பயிற்சியில் சொல்வார்கள். நாயோடு விளையாடுகிறதும் அவர்கள்தான், அடிக்குப் பயந்து மறைக்கிறதும் அவர்கள்தான்.

கோவாவில் இருந்தவன்:

வேலைக்காக நான்கு வருடம் கோவாவில் இருந்தேன். அங்கே மிஷன் ரேபிஸ் என்று ஒரு தொண்டு நிறுவனம், அரசோடு சேர்ந்து வேலை செய்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு சுற்றினேன். பெரிய பூச்சி வலை மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு ஓடிப்போய் நாயை மூடி, ஊசி போட்டு, தலையில் ஒரு சாயக்கோடு இழுத்து விட்டுவிடுவார்கள். கோடு இருந்தால் போட்டாயிற்று என்று அர்த்தம். நாய்களில் நூற்றுக்கு 70-க்காவது ஊசி போட்டால்தான் நோய் பரவுவது நிற்கும் என்பது கணக்கு. இன்னொரு குழு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளிடம் பேசும். 2021-ல் கோவாவை ரேபிஸ் கட்டுப்படுத்தப்பட்ட மாநிலம் என்று அறிவித்தார்கள்.

நான் பிடித்தது ஒரே ஒரு நாய். அதுவும் அதுவாகவே வந்து வலைக்குள் படுத்தது.

வத்தலக்குண்டுக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. நெல்லைத் தம்பி, உங்கள் மாமா கதையைப் பெயர், ஊர் சொல்லாமல் வகுப்பில் சொல்லலாமா? குரைக்கவில்லை என்ற இடத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும், அதைக் கேட்டால்தான் பிள்ளைகள் சிரிப்பார்கள், அங்கேதான் திருத்தவும் முடியும்.

"அடிக்க மாட்டோம், வந்து சொல்லு" என்று பெற்றோரிடம் ஒரு வார்த்தை வாங்கிவிட்டுத்தான் இனிமேல் சோப்பை எடுக்கப்போகிறேன். சனிக்கிழமை போகிற பள்ளியில் குழாய் இல்லையாம், அடிபம்புதானாம். 15 நிமிடம் அடிக்க நாலு பையன்களை மாற்றி மாற்றி நிறுத்த வேண்டும். யாராவது வருகிறீர்களா?

நெல்லைத் தம்பி:

சொல்லுங்கள் அண்ணே. நானும் வருகிறேன். காலை எத்தனை மணிக்கு?