கலைச்சொல் தேவை: 'டியூ பிராசஸ்'

வே. (சேலம்):
குழுவினருக்கு வணக்கம். சட்டக் கல்லூரியில் நிர்வாகச் சட்டத்தைத் தமிழில் நடத்துகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகும் பாடக்குறிப்பில் ஒரு சொல் இடிக்கிறது. பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழிலுக்கான உரிமம்தான் பாடம். நம்முடைய 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, உரிமத்தை ரத்து செய்யவோ நிறுத்திவைக்கவோ அதிகாரிக்கு இடம் தருகிறது. ஆனால் உரிமதாரருக்குக் காரணம் காட்ட வாய்ப்பளித்த பிறகுதான். 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய 15ஆம் பிரிவு வழிவிடுகிறது. அமெரிக்க மாநிலங்களில் இதே காப்பு, 1868இல் வந்த 14ஆவது அரசியலமைப்புத் திருத்தத்திலிருந்து பிறக்கிறது: உயிர், சுதந்திரம், சொத்து எதையும் 'டியூ பிராசஸ்' இல்லாமல், அதாவது உரியவரின் தரப்பைக் கேட்டு முறைப்படி முடிவெடுக்காமல், மாநிலம் பறிக்கக் கூடாது. ஒருவர் பிழைப்புக்கு நம்பியிருக்கும் உரிமத்துக்கும் அது பொருந்தும். 'உரிய நடைமுறை' என்று எழுதியிருக்கிறேன். மாணவர்களோ அதைப் படிவம் நிரப்பிக் கட்டணம் செலுத்தும் வேலை என்று எடுத்துக்கொள்கிறார்கள். வேறு சொல் வேண்டும்.

த.ம. (திருநெல்வேலி):
'டியூ' என்பது பிரெஞ்சு வழியாக வந்தது; வேர் இலத்தீனில் 'கடன்பட்டிருத்தல்'. அரசு குடிமகனுக்குக் கடன்பட்டிருக்கும் முறை என்பதே பொருள். ஆகவே 'கடன்முறை' என்கிறேன். புறநானூறு 312ஐ நினைவுகூருங்கள்: 'நன்னடை நல்கல் வேந்தற்குக் கடனே'. வேந்தனுக்குக் கடன் உண்டு என்பதைப் பொன்முடியார் அன்றே சொல்லிவிட்டார்.

இரா. (சென்னை):
அந்த அடியில் 'நன்னடை'க்குப் பதில் 'தண்ணடை' என்ற பாடவேறுபாடும் உண்டே, ஐயா. தண்ணடை என்றால் மருத நிலத்து ஊர். வீரனுக்கு வேந்தன் ஊர் கொடுப்பது பற்றிய பேச்சாகிவிடும். நெறி பற்றியதே அல்ல.

த.ம.:
எந்தப் பாடமாயினும் 'கடன்' மாறவில்லை. வேலும் வாளும் களிறும் பேசப்படும் பாட்டில் தண்ணடை பொருந்தும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மகனை வளர்ப்பதில் தாய், தந்தை, கொல்லன், வேந்தன் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கடனை அடுக்கும் இடத்தில் நன்னடையே எனக்கு உயர்வாகத் தோன்றுகிறது. இதைத் தனி இழையில் விரிவாக எழுதுகிறேன்.

சு. (யாழ்ப்பாணம்):
இங்கே 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் 'பீடைகொல்லிகள்' என்கிறது; உங்கள் உரிமம் எங்களுக்கு அனுமதிப்பத்திரம். எலியும் களையும் பூச்சியா? வே. அவர்கள் பாடத்தின் பெயரையே திருத்தலாம்.

இரா.:
பீடை வடசொல். பூச்சி எல்லோருக்கும் புரியும். அதை விடுங்கள்; கேட்ட சொல்லுக்கு வருவோம்.

க. (ஈரோடு):
நான் மொழியறிஞன் அல்லன். கரையான் மருந்தடிக்கும் தொழில் செய்பவன். 'கடன்முறை' என்று அச்சிட்டால் என் ஆட்கள் வங்கித் தவணை என்றுதான் படிப்பார்கள். இந்தச் சொல் எங்களுக்கு எங்கே தேவைப்படுகிறது என்று சொல்கிறேன். ஆய்வாளர் மருந்தில் மாதிரி எடுத்தால் அதை மூன்று பங்காக்கி முத்திரையிட்டு, ஒரு பங்கை உரியவரிடமே தர வேண்டும்; மற்றவை பகுப்பாய்வாளருக்கும் நீதிமன்றத்துக்கும் போகும். பகுப்பாய்வாளர் 'தரமில்லை' என்று அறிக்கை தந்தால், அதை மறுத்துச் சான்று காட்டப் போவதாக 28 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கலாம். அதன்பின் நீதிமன்றத்தில் இருக்கும் பங்கு மத்தியப் பூச்சிக்கொல்லி ஆய்வகத்துக்குப் போகும். அறிக்கையின் நகலைத் தாமதமாகக் கொடுத்து, அதற்குள் மருந்து காலாவதியாகிவிட்டால் மறு ஆய்வு செய்து என்ன பயன்? அந்த உரிமை கையிலிருந்தே போய்விடுகிறது. அதன் பேரில் உயர் நீதிமன்றங்கள் வழக்குகளை ரத்து செய்திருக்கின்றன. நாள் கணக்கும் மறுத்துப் பேசும் உரிமையும் அந்தச் சொல்லுக்குள் இருக்க வேண்டும். 'கேட்டு முடிவெடுத்தல்' என்றே எழுதுங்கள்.

த.ம.:
க. அவர்கள் சொன்னதில் சொல்லே கிடைத்துவிட்டது. கண்ணகி பாண்டியனைக் கொடியவன் என்று விளிக்கவில்லை. 'தேரா மன்னா' என்றாள். தேராமை, அதாவது ஆராயாமை, அதுதான் குற்றம். குறள் 541: 'ஓர்ந்துகண் ணோடாது இறைபுரிந்து யார்மாட்டும் தேர்ந்துசெய் வஃதே முறை'. ஆராய்வது, பக்கம் சாயாதது, எவருக்கும் ஒன்றாக இருப்பது, எல்லாம் இதில் அடங்கும். 'கடன்முறை'யை விட்டுவிடுகிறேன். 'தேர்முறை' என்று வைப்போம். வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும்.

இரா.:
அழகான சொல். ஆனால் தலைப்பில் பார்ப்பவருக்குத் தேரோட்டமோ தேர்வு முறையோதான் தோன்றும். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. அரசியல் நிர்ணய சபை 'டியூ பிராசஸ்' வேண்டாமென்று தெரிந்தே விட்டது, சபையின் ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி பிராங்க்ஃபர்டரைச் சந்தித்து, அது வேண்டாமென்ற யோசனையைக் கேட்டு வந்த கதை எல்லோருக்கும் தெரியும். உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் நம் அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பில் இருப்பது 'சட்டம் வகுத்த நடைமுறை'. 1950இல் ஏ.கே. கோபாலன் சென்னை மாநிலத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், இரண்டும் ஒன்றல்ல என்றது உச்ச நீதிமன்றம். 1978இல் மேனகா காந்தி வழக்குக்குப் பிறகே அந்த நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்றாயிற்று. எனவே இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் மாணவருக்கு அந்த 28 ஆண்டு வரலாறே மறைந்துவிடும். 'நியாய நடைமுறை' என்பது என் பரிந்துரை.

சு.:
'நியாயம்' வடசொல் இல்லையோ? பீடைக்கு மட்டும் தடையா?

இரா.:
புரியும் வடசொல்லுக்கு நான் எதிரி அல்லன், அம்மா. பீடை எங்கள் பக்கத்தில் வசைச்சொல். அதனால்தான் தயங்கினேன்.

க.:
'நியாய நடைமுறை' என்றால் என் ஆட்களுக்கும் புரியும். ஆனால் கேட்பது என்பது அதில் இல்லையே.

வே.:
அச்சகத்திலிருந்து இரண்டாம் முறை அழைத்துவிட்டார்கள். பெரும்பாலோர் சாய்ந்திருப்பதால் 'நியாய நடைமுறை' என்று வைக்கிறேன். முதல் இடத்தில் மட்டும் 'தரப்பைக் கேட்டறிந்து, ஆராய்ந்து முடிவெடுப்பது' என்ற விளக்கம் வரும். 21ஆம் உறுப்புக்குச் 'சட்டம் வகுத்த நடைமுறை' என்பதே நிற்கும். பூச்சிக்கொல்லி அப்படியே இருக்கும்; மன்னிக்கவும், சு. அவர்களே.

த.ம.:
அச்சிடுங்கள், தடுக்கவில்லை. ஆனால் என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். முடிவு நியாயமாக அமைந்துவிட்டால் போதும் என்று மாணவர் 'நியாய நடைமுறை'யைப் படிக்கக்கூடும். உரிமதாரர் குற்றவாளியாகவே இருந்தாலும் கேட்காமல் பறிக்கக் கூடாது என்பதல்லவா சட்டம்? அதை அந்தச் சொல் சொல்லவில்லை. அடுத்த பதிப்பு எப்போது என்று தெரிவியுங்கள்.